பாவாடை நாடா சொன்ன கணக்கு: ஐம்பதை நெருங்கும்போது தொப்பை ஏன் வருகிறது, எது அதைக் கரைக்கிறது

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். மொரீஷியஸில் அன்று அரசு விடுமுறை. கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோயில் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் அடர் ரோஜா நிறச் சேலையும் வேட்டியும்தான். மூன்று வருஷத்துக்கு முன், என் 49 வயதில், காவடி முடிந்த மறுநாள் எடை மெஷினில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷம் பாவாடை நாடாவைக் கட்டுகிற வரைதான். முடிச்சு விழுகிற இடம் ஒரு விரல்கடைகூட மாறவில்லை. அவிழ்த்தால் இடுப்பைச் சுற்றி அதே சிவந்த தடம்.

விரதத்தில் என்ன சாப்பிட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். மாமிசம் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. வெள்ளைச் சோறு இரண்டு வேளை, உருளைக்கிழங்கு, வறுத்த அப்பளம், வடை, பாயசம், பால் விட்ட இனிப்புத் தேநீர் நாலு கோப்பை. கடைசி நாள் வாழையிலையில் ஏழு கறி. ஆட்டையும் கோழியையும் விட்டேனே ஒழிய சோற்றையும் எண்ணெயையும் விடவில்லை. குறைந்த ஒன்றரைக் கிலோவில் பாதிக்கு மேல் தண்ணீராகவும் தசையாகவும்தான் இருந்திருக்கும்.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. "நாற்பது தாண்டிட்டா மெட்டபாலிசம் படுத்துடும் மிஸ், நாம ஒண்ணும் பண்ண முடியாது." இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொல்வார்கள், நான் தமிழில் எழுதுகிறேன். கேட்க ஆறுதலாக இருக்கும் விளக்கம். ஆனால் தப்பு.

2021இல் சயன்ஸ் இதழில் ஹெர்மன் பொன்ட்சரும் அவரோடு பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 29 நாடுகளில் 6,400க்கு மேற்பட்டவர்கள், பிறந்த குழந்தை முதல் 90 தாண்டியவர் வரை. ஐசோடோப் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து ஒரு நாளில் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அளந்தார்கள். உடம்பின் பருமனையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை எரிப்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 60க்குப் பிறகுதான் வருஷத்துக்கு 0.7 சதவீத அளவில் சரிகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்திலும் திடீர்ப் பள்ளம் எதுவும் இல்லை.

அப்படியானால் நாடா ஏன் நீள்கிறது? அந்த ஆய்விலேயே 'தசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு' என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, விஷயம் அங்கேதான். முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்பது பரவலான மதிப்பீடு. சும்மா இருக்கும்போதும் எரிக்கிற சரக்கு அது. அது போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எடை மெஷின் அதே எண்ணைத்தான் காட்டும், சட்டைப் பொத்தான்தான் முதலில் முனகும். வருஷத்துக்கு அரைக் கிலோ ஏறினால் கண்ணாடிக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் அது பத்துக் கிலோ.

எங்கள் வீட்டுப் பரணில் என் தாத்தாவின் எனாமல் தட்டு ஒன்று இருக்கிறது. நீல விளிம்பு, அடியில் ஒரு மூலையில் எனாமல் பெயர்ந்து கருத்த வட்டம். ஃப்ளாக் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். அந்தத் தட்டில் கோபுரமாகச் சோறு, மேலே பருப்பு, ஓரத்தில் கீரை, ஒரு பச்சை மிளகாய். அதைத் தின்றுவிட்டு வெயிலில் ஆறேழு மணி நேரம் வெட்டுக்கத்தி வீசினார். கடைசிவரை வயிறு முதுகோடு ஒட்டித்தான் கிடந்தது. 1834 முதல் கூலி ஒப்பந்தத்தில் இந்தத் தீவுக்கு வந்தவர்களுக்குப் படியாக அளந்தது பெரும்பாலும் அரிசியும் பருப்பும் உப்பும்தான். அந்த வேலைக்கு அந்தச் சாப்பாடு சரியாக இருந்தது. இப்போது வெட்டுக்கத்தி போய்க் கணினி வந்துவிட்டது, மெட்ரோவில் உட்கார்ந்து போய் உட்கார்ந்து வேலை பார்த்து உட்கார்ந்து திரும்புகிறோம். சோற்றுக் கோபுரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தத் தட்டில் ஒருநாள் சோறு போட்டு, பிறகு கப்பில் அளந்து பார்த்தேன். நாலு கப். கப்புக்கு 200 கலோரி என்றால் சோறு மட்டும் 800.

இதோடு நம்முடைய உடம்பின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் மருத்துவர்களிடையே பிரபலம். பூனாவின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யுட்கின், இருவரும் ஆராய்ச்சியாளர்கள், சட்டை போட்டு அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3, ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஸ்கேனில் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியத் துணைக்கண்டத்து உடம்புகளுக்கு இது பொதுவான கதை, கடல் கடந்து ஐந்தாறு தலைமுறை ஆனாலும் மாறவில்லை. மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். எங்கள் தெருவில் இன்சுலின் ஊசி இல்லாத குளிர்பெட்டியை எண்ணிவிடலாம்.

அதனால்தான் தெற்காசியர்களுக்கு இடுப்பளவின் எல்லையே வேறு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. ஐரோப்பிய ஆணுக்கு அந்த எல்லை 94. எண்ணெல்லாம் நினைவில் நிற்காதவர்களுக்கு ஒரு நூல் போதும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அளந்து வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டுக்கொண்டால் நல்லது. நான் 156 சென்டிமீட்டர், மடித்தால் 78. என் இடுப்பு 91. பதின்மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நூல் பல்லிளித்தது. அளக்கும் இடம் பாவாடை கட்டுகிற இடம் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு. வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது யாரை ஏமாற்ற?

தொப்பையில் இரண்டு கொழுப்பு உண்டு. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிறதே, அது தோலுக்கு அடியில் இருப்பது. அழகுக்குக் கேடு, ஆபத்து குறைவு. மற்றது கிள்ள முடியாது. தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றி, ஈரலைச் சுற்றி அடைந்துகிடப்பது. சிலருக்குத் தொப்பை பானை மாதிரி கெட்டியாக இருக்கும், அழுத்தினால் அமுங்காது. அவர்களிடம் இரண்டாவது வகை மிகுதி. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நேரே ஈரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் கலக்கின்றன. ஈரல் கொழுப்பேறி இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு எல்லாம் அதன் பின்னால் வருகிற ஊர்வலம். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை உபரிக் கொழுப்பு தொடையிலும் இடுப்பிலும் போய்ச் சேரும். அது குறையும்போது இருப்பிடத்தை வயிற்றுக்கு மாற்றிக்கொள்ளும். எடை ஏறாமலே உருவம் மாறுவது இதனால்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உள்ளே இருக்கிற அந்தக் கெட்ட கொழுப்புதான் முதலில் கரையும். அட்ரினலினுக்குச் சீக்கிரம் இளகுகிற சுபாவம் அதற்கு. நடக்கத் தொடங்கிய சில வாரங்களில் எடை அசையாவிட்டாலும் உள்ளே அது குறையத் தொடங்கியிருக்கலாம். எடை மெஷினை மட்டும் நம்பினவர்கள் சரியாக அந்த வாரங்களில்தான் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள்.

நானும் முதலில் உடைந்தவள்தான், வேறு காரணத்துக்கு. இணையத்தில் ஒரு வியர்வைப் பட்டை வாங்கினேன். இடுப்பில் கட்டிக்கொண்டு சமையல் செய்தால் தொப்பை உருகும் என்று விளம்பரம். இந்த ஊர் டிசம்பர் கோடையில் கட்டியதில் வேர்க்குருவும் அரிப்பும்தான் மிச்சம். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், பதிலே இல்லை. பட்டை பிழிந்தது வெறும் தண்ணீரை. ஒரு சொம்பு குடித்ததும் திரும்ப வந்துவிட்டது.

படுத்து எழுந்து வயிற்றை மடக்குகிற பயிற்சியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். 1984இல் ஒரு ஆய்வில் 13 ஆண்கள் 27 நாளில் ஆளுக்கு 5,004 தடவை அதைச் செய்தார்கள். பிறகு வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் கொழுப்பைத் துளி எடுத்துப் பார்த்தால், வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. கொழுப்பு எரியும்போது ரத்தம் வழியாக உடம்பு முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எந்தத் தசை வேலை செய்கிறதோ அதன் மேலிருக்கும் கொழுப்பை அது தின்பதில்லை. வயிற்றுத் தசை பலப்பட்டால் முதுகுவலிக்கு நல்லது, தொப்பைக்கு அல்ல.

எண்ணெய் விஷயத்தில் இந்தத் தீவே உலகத்துக்கு ஒரு பாடம். 1987இல் அரசு ரேஷன் சமையல் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து முழுக்க சோயா எண்ணெய்க்கு மாற்றியது. மக்கள் யாரும் எந்த விரதமும் இருக்கவில்லை, எண்ணெய் மட்டும் மாறியது. அதே ஆண்டு எடுத்த கணக்கெடுப்பையும் 1992 கணக்கெடுப்பையும் ஒப்பிட்டால் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. ஆனால் அதே ஐந்து ஆண்டில் கூடுதல் எடை உள்ளவர்கள் அதிகமானார்கள், சர்க்கரை நோய் நகரவே இல்லை. இதை நம் ஆட்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். எந்த எண்ணெய் என்பது ரத்தக்குழாய்க்குத் தெரியும். இடுப்புக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு எண்ணெய் என்பதுதான். பாமானாலும் சோயாவானாலும் ஆலிவானாலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. எனவே நான் எண்ணெயின் பெயரை மாற்றவில்லை. புட்டியின் மேல் மார்க்கரால் தேதி எழுதினேன், அவ்வளவுதான். நாலு பேர் வீட்டில் ஒரு லிட்டர் ஆறே நாளில் தீர்ந்தது. லிட்டருக்கு 8,000 கலோரிக்கு மேல் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 330க்கும் மேலே எண்ணெயாக மட்டும் போயிருக்கிறது. இப்போது அதே புட்டி பன்னிரண்டு நாள் வருகிறது. கரண்டியால் அளந்து விடுகிறேன், புட்டியைச் சரிப்பதில்லை. கத்தோ பிமா என்கிற மிளகாய்ப் பருப்பு வடை ஞாயிறு மட்டும். ரொட்டிக்குள் வெண்ணெய் தடவி அதற்குள் பொரித்த கத்தோ பிமாவை வைத்துத் தின்கிற ஊர் இது. எழுதும்போதே நாக்கு ஊறுகிறது.

சோற்றை நான் விடவில்லை, விடவும் முடியாது. இரவுச் சோற்றை நிறுத்தினேன். மதியம் தாத்தா தட்டில் இல்லை, சின்னத் தட்டில், ஒரு கப். மீதி இடத்தைப் பருப்புக்கும் கீரைக்கும் கொடுத்தேன். இந்த ஊர்ச் சமையலில் கீரைக்கு ஒரு சிம்மாசனம் உண்டு. வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கீரையைக் கொதிக்கவைத்தால் புய்யோன் ப்ரேத். முருங்கைக் கீரை இங்கே 'ப்ரேத் முரூம்'. நம் முருங்கை கடல் தாண்டி வந்து பாதிப் பெயரைத் தொலைத்துவிட்டு நிற்கிறது. அந்தக் கீரைத் தண்ணீரில் ஒரு பெரிய கிண்ணம் குடித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தால் கை தானாகவே மெதுவாகும்.

புரதம்தான் நம் தட்டின் பெரிய ஓட்டை. நடுவயது தாண்டினால் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே தேவை. 60 கிலோ பெண்ணுக்கு 60 முதல் 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 சொச்சம், ஒரு கப் கெட்டிப் பருப்பில் 15 முதல் 18. ரசமாகத் தெளித்த பருப்பில் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சாப்பாட்டைக் குறைத்துப் புரதத்தையும் குறைத்தால் உடம்பு தசையைத்தான் விற்றுச் செலவு செய்யும், பத்து நாள் விரதத்தில் எனக்கு நேர்ந்தது போல. எடை குறைக்கும் புது ஊசிகள் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

தேநீரில் இரண்டு கரண்டிச் சர்க்கரை, நாளைக்கு நாலு கோப்பை என்றால் எட்டுக் கரண்டி, 32 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் இருந்தால் நல்லது என்கிற அளவு 25 கிராம் போல. கரும்புத் தீவில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் பாவம் செய்த மாதிரி பார்ப்பார்கள். மூன்று வாரம் கசந்தது, பிறகு பழகிவிட்டது.

ரோஸ் ஹில்லில் நான் தோல் பூரி, அதாவது உள்ளே பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, வாங்குகிற தள்ளுவண்டிக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இங்கே அது ஜோடியாகத்தான் விற்கும்.

"என்ன தாந்தின் (அத்தை), ஒண்ணா? உடம்பு சரியில்லையா?"

"இடுப்பு சரியில்லைப்பா."

ஒன்று கொடுத்தார். ஆனால் மனசு கேட்காமல் உள்ளே மொச்சைக் கறியை இரண்டு பங்கு வைத்துச் சுருட்டினார். நார்ச்சத்தும் புரதமும் கூடியது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆண்களின் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை கஜாக், அதாவது மதுவோடு கொறிக்கிற தீனி, ஒரு தனிப் பத்தி. ரம்மோ பியரோ உள்ளே போனதும் உடம்பு முதலில் மதுவைத்தான் எரிக்கும், அதுவரை கொழுப்பு வரிசையில் காத்திருக்கும். கூடவே பொரித்த மீனும் வறுத்த கிழங்கும் இறங்குகிறதே, அது நேரே கிடங்குக்கு.

நடைக்கு வருவோம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 70 கிலோ ஆள் எரிப்பது 250 கலோரி அளவில்தான். ஒரு கிலோ கொழுப்பில் 7,700. நடந்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஒரு தட்டு மின் ஃப்ரி (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனாலும் நடைதான் உள்கொழுப்பைத் தொடுகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது பொது அளவு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். கியூர்பிப்காரர்களுக்குத் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயின் விளிம்புச் சாலை, போர்ட் லூயிஸ்காரர்களுக்கு ஷாம் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. விடியற்காலையில் எங்கள் தெரு நாய்களுக்கு என்னைப் பிடிக்காது. ரோஸ் ஹில்லில் இறங்க வேண்டியவள் மெட்ரோவில் பெல் ரோஸிலேயே இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு வீடு வருகிறேன். குடை மழைக்கும் நாய்க்கும் பொது.

என் நாடாவை உண்மையில் நகர்த்தியது நடை இல்லை, பளு. பெண்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். பளு என்றால் இரும்பு வேண்டாம். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து பன்னிரண்டு முறை எழுந்து உட்கார்வது. சமையல் மேடையைப் பிடித்துச் சரிந்து கையால் தள்ளி நிமிர்வது. ஐந்து லிட்டர் தண்ணீர் டப்பா இரண்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் பத்து நடை. வாரம் இரண்டு நாள், இருபத்தைந்து நிமிடம், சுலபமாகிவிட்டால் கனத்தைக் கூட்டுவது. கோயிலில் தரையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடிந்த நாள்தான் இது வேலை செய்கிறது என்று நம்பினேன்.

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் நாலு மணி நேரத் தூக்கம் மட்டும் கொடுத்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வில் உள்கொழுப்பு 11 சதவீதம் ஏறியது. பன்னிரண்டே பேர் கொண்ட சின்ன ஆய்வுதான். ஆனாலும் நள்ளிரவு வரை தொடர் பார்க்கிறவர்கள் யோசிக்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய தட்டுக்குக் கணக்கிட்டது, சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இங்கே அரசு மருத்துவம் இலவசம், முதலில் போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை என் போன்றவர்களுக்கு மருந்தாகப் பரிந்துரைப்பேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். நடையும் உணவு மாற்றமும் சொல்லிக்கொடுத்துப் பின்தொடர்ந்தவர்களில் மூன்று ஆண்டில் 39.3 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 55 சதவீதம். இதில் வேடிக்கை, பலன் பெற்றவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷின் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

எனக்குப் பதினோரு மாதத்தில் குறைந்தது இரண்டு கிலோ. பக்கத்து வீட்டுக்காரி கண்ணுக்கே தெரியவில்லை என்றாள். இடுப்பு 91லிருந்து 84. நூலின் இடைவெளி இன்னும் ஆறு சென்டிமீட்டர் இருக்கிறது. போன வாரம் என் கணவரையும் பிடித்து நிறுத்தி நூல் போட்டேன். 172 சென்டிமீட்டர், மடித்தால் 86, இடுப்பு 99. இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த நூல் துவைச்சதில சுருங்கிடுச்சு, புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.